கேட்க ஆளில்லாத ஆங்கிலம்

பள்ளிக் கல்வி குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சகம் தரும் எழுத்துப்பூர்வமான பதில்களைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். தொலைக்காட்சி அலைவரிசைகள் எத்தனை, இணையத்தில் ஏற்றப்பட்ட பாடங்கள் எத்தனை, பயிற்சி முடித்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அவற்றில் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பாடங்களைக் கேட்ட மாணவன் வாய் திறந்து ஒரு வாக்கியமாவது பேசினானா, அதைக் கேட்டுத் திருத்த எவரேனும் இருந்தார்களா என்ற கணக்கைத் தேடினாலும் கிடைக்காது. வரலாற்றுப் பாடத்தில் இந்தக் குறையை ஓரளவு பொறுத்துக் கொள்ளலாம். வீட்டிலும் தெருவிலும் காதில் விழாத ஆங்கிலத்தைப் பொருத்தவரை, தொலைநிலைக் கல்வியின் தோல்விக்கு முதல் காரணமே இதுதான்.

தொலைவிலிருந்து ஆங்கிலம் கற்பிப்பது கொரோனா காலத்து அவசர ஏற்பாடு மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. 2020-21ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உயர்கல்வி பயின்ற 4.14 கோடி பேரில் 45.71 லட்சம் பேர் தொலைநிலை மாணவர்கள். அதாவது ஒன்பது பேருக்கு ஒருவர். 2035-க்குள் உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தை 50 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வைத்திருக்கிறது. இத்தனை பேருக்கும் கட்டடம் எழுப்பிப் பேராசிரியர்களை நியமிக்க எந்த அரசும் ஆயத்தமாக இல்லாத நிலையில், புதிதாக வருவோரில் பெரும்பகுதியினர் தொலைநிலைக்கே தள்ளப்படுவார்கள். பள்ளிகளின் நிலையும் இதுவே. 2024-25ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் படிக்கிறார்கள். எல்லா வகுப்புகளுக்கும் எல்லாப் பாடங்களையும் ஒருவரே நடத்தும் பள்ளியில் அந்த ஒருவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால், அவ்வூர்க் குழந்தைக்கு வானொலி, தொலைக்காட்சி, செல்பேசி ஆகியவற்றை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே தொலைநிலையை வேண்டாம் என்று ஒதுக்குவது, வசதியுள்ள ஊர்களில் வாழ்வோர் மட்டுமே பேசக்கூடிய பேச்சு.

இத்துறையில் இந்தியாவின் அனுபவம் சிறிதன்று. 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டில் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி கொண்டு செல்லப்பட்டது. 1982-இல் ஹைதராபாதில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் 1985-இல் தில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் வேடிக்கை என்னவென்றால், சிறு நகரக் கல்லூரி மாணவர்களுக்காக என்று சொல்லப்பட்ட அந்த நிகழ்ச்சி ஆங்கிலத்தில் இருந்தது. அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தடையே ஆங்கிலம்தான் என்பது தில்லியில் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

2004 செப்டம்பர் 20-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விக்கென்றே வடிவமைக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர்கள் பல இடங்களிலுமாக இருந்து இருவழியில் உரையாடலாம் என்பது அதன் சிறப்பு. மொழிப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அதுவரை கிடைத்ததில்லை. நடந்தது என்ன? ஏழு ஆண்டுகள் இயங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது 2010-லேயே பணியை முடித்துக் கொண்டது. 2013-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, தரையில் அமைக்க வேண்டிய வலைப்பின்னல்கள் தாமதமானதையும் பாடங்கள் போதிய அளவில் தயாரிக்கப்படாததையும் சுட்டிக்காட்டி, திட்டத்தின் நோக்கம் நிறைவேறவில்லை என்றது. செயற்கைக்கோளை வடிவமைத்த விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். கீழே, பள்ளிக்கூடத்தின் சுவரோரம், பெட்டியைத் திறந்து வைத்து மாணவனைப் பேசச் சொல்ல வேண்டிய வேலைதான் நடக்கவில்லை.

இந்த ஒரு வழக்கம் அரை நூற்றாண்டாக மாறவேயில்லை. அனுப்பும் முனைக்குப் பணமும் விழாவும் உண்டு. பெறும் முனைக்கு இரண்டும் இல்லை.

கொரோனா காலத்தில் இது அப்பட்டமாக வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. மே மாதம் 'பி.எம். இ-வித்யா' திட்டத்தில் 'ஒரு வகுப்பு, ஓர் அலைவரிசை' என்று 12 தொலைக்காட்சி அலைவரிசைகள் அறிவிக்கப்பட்டன. 2022-23 மத்திய நிதிநிலை அறிக்கையில் அது 200 ஆக விரிவடைந்தது. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஊரகப் பகுதிகளில் 14.9 சதவீத வீடுகளில் மட்டுமே இணைய வசதி இருந்தது என்பதால், தொலைக்காட்சியை நாடியதில் தவறில்லை. ஆனால், தொலைக்காட்சி பேசும். மாணவன் பேசினால் அதற்குக் கேட்காது.

செல்பேசி வாய்த்தவர்களின் நிலையும் பெரிதாக மேம்படவில்லை. இணைய வகுப்பின் முதல் கட்டளையே 'மைக்கை மூடி வை' என்பதுதான். நாற்பது வீடுகளின் குக்கர் ஓசையும் தெரு இரைச்சலும் ஒன்றாக ஒலித்தால் வகுப்பு நடத்த முடியாது என்பதால் ஆசிரியரைக் குறை சொல்லவும் இயலாது. கணக்குப் பாடத்தில் மைக்கை மூடி வைத்துவிட்டு நோட்டில் கணக்கைப் போடலாம். ஆங்கில வகுப்பில் மைக்கை மூடுவது மாணவனின் வாயை மூடுவதற்குச் சமம். இணைய வேகம் போதாத இடங்களில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பயிற்சித்தாளைப் படம் பிடித்து அனுப்பினார்கள்; பிள்ளைகள் எழுதி, அதைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு மொழித் திறன்களில் கேட்டலும் பேசுதலும் அந்த இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய நின்று போயின. பள்ளிக்குச் செல்லாததால் கணிதம், அறிவியல், மொழி ஆகியவற்றில் மாணவர்களின் அடிப்படை அறிவு பலவீனமடைந்துவிட்டது என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அறிக்கை தாக்கலான மழைக்காலக் கூட்டத்தொடர் அமளியில் கழிந்தது வேறு கதை.

கருவி கையில் வந்துவிட்டால் மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கையை எண்களைக் கொண்டே சோதிக்கலாம். ஊரகப் பள்ளிகளைப் பற்றிய 'ஏசர்' ஆய்வுகளின்படி, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-இல் 36.5 சதவீதம், 2022-இல் 74.8 சதவீதம். நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு. எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 2016-இல் 24.7 சதவீதம், 2022-இல் 24.5 சதவீதம். எட்டாம் வகுப்பில் 45.3 சதவீதம் 46.7 ஆகியிருக்கிறது. இடையில் பள்ளிகள் மூடிக் கிடந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். செல்பேசி இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகி இருக்கலாம். ஆயினும் எட்டு ஆண்டுகள் பள்ளி சென்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் எளிய வாக்கியம் ஒன்றைப் படிக்க இயலவில்லை என்ற உண்மை கொரோனாவுக்கு முன்பே இருந்தது, பின்பும் இருக்கிறது. வீட்டில் போன் இருப்பதாலேயே அது பிள்ளையின் கைக்கு வந்துவிடுவதும் இல்லை. 2021 ஆய்வில், ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளின் பிள்ளைகளில் 26.1 சதவீதம் பேருக்கு அதைத் தொட வாய்ப்பே கிட்டவில்லை. வேலைக்குப் போகும் தந்தை எடுத்துச் செல்லும் ஒரே போன் அது.

இன்னொரு சிக்கல் உண்டு. அதைத் தில்லியில் இருப்பவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு அதை வேறொரு மொழியின் துணையோடுதான் கற்பிக்க முடியும். அந்தத் துணைமொழி எது? 'ஸ்கூல்' என்ற ஒரே சொல்லை எடுத்துக் கொள்வோம். உத்தரப் பிரதேசத்துச் சிறுவன் முன்னால் இகரம் சேர்த்து 'இஸ்கூல்' என்பான். பஞ்சாபி நடுவில் அகரம் சேர்த்து 'சகூல்' என்பான். தமிழ்ச் சிறுவன் கடைசியில் உகரம் சேர்த்து 'ஸ்கூலு' என்பான். மூவரின் இடறலும் மூன்று வகை. தாய்மொழி அறிந்த ஆசிரியர் அருகில் இருந்தால் ஒரு நொடியில் காரணத்தைக் கண்டுகொள்வார். நாடு முழுவதற்கும் ஒரே பாடத்தைத் தயாரித்து ஹிந்தியில் விளக்கி அனுப்பினால், ஒடிசாவின் பழங்குடிக் குழந்தை ஆங்கிலத்தைக் கற்பதற்கு முன்பு ஹிந்தியைக் கற்றாக வேண்டும். 200 அலைவரிசைகள் மாநில மொழிகளுக்காகவே என்று மத்திய அரசு கூறுகிறது. அப்படியானால் ஆங்கிலப் பாடங்களைத் தயாரிக்கும் நிதியையும் பொறுப்பையும் மாநிலங்களிடம் கொடுத்துவிடுவதே முறை. 2019-லேயே கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிவிட்ட தமிழகத்துக்கு இது எளிதில் விளங்கும்.

ஒலியின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'எஸ்' ஒலியின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. போனில் முகவரி சொல்லும்போது 'எஃப் ஃபார் ஃபாதர்' என்று விளக்க வேண்டியிருந்தது இதனால்தான். இப்போதைய செயலிகள் கூடுதல் ஒலியைக் கடத்தினாலும், மலிவு விலைப் போனின் சிறு ஒலிபெருக்கியும் அறுந்தறுந்து வரும் இணைப்பும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. பேசுபவரின் உதடும் தெரியாது என்றால், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குழந்தை எதைத் திருப்பிச் சொல்லும்?

இவ்வளவுக்குப் பிறகும், தொலைவிலிருந்து ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1980-85 காலத்தில் கென்யாவில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. வானொலியில் ஒரு குரல் கேள்வி கேட்கும். பிறகு சில நொடிகள் மௌனம். அந்த மௌனத்தில் வகுப்பு முழுவதும் பதில் சொல்லும். பிறகு சரியான பதில் ஒலிக்கும். வகுப்பில் இருக்கும் ஆசிரியர் யார் பேசவில்லை என்று பார்த்துக் கொள்வார். கேட்டலிலும் படித்தலிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விட முன்னேறியது பதிவாகியுள்ளது. நம் நாட்டிலேயே புணேயைச் சேர்ந்த கற்றல் வள மையம் இதே முறையில், மராட்டிய மொழியைத் துணையாகக் கொண்டு வானொலி ஆங்கிலப் பாடங்களைத் தயாரித்தது. 2000-இல் மகாராஷ்டிரம் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைக் கொண்டு வந்தபோது, ஆங்கிலம் பேசத் தயங்கும் ஆசிரியர்களுக்கு இத்தகைய பாடங்களின் தேவை பன்மடங்கானது. இங்கே பயன்பட்ட கருவி செயற்கைக்கோள் அன்று. சாதாரண வானொலிப் பெட்டி. குழந்தை பேசுவதற்காக ஒலிபரப்பில் விடப்பட்ட இடைவெளியும், அருகில் நின்ற ஆசிரியரும்தான் வேறுபாடு. அந்த ஆசிரியர் ஆங்கிலத்தில் புலமை பெற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றுக் கொள்ளலாம்.

ஆசிரியருக்கான பயிற்சியும் தொலைவிலிருந்தே வரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. இதில் நமக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1959-இல் அன்றைய சென்னை மாகாணத்தில், தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தர முயன்றார்கள். சிலருக்குப் பயிற்சி அளித்தால் அவர்கள் பலருக்கு அளிப்பார்கள், பனியுருண்டை உருண்டு பெருப்பது போலப் பயிற்சி பெருகும் என்பது கணக்கு. அதன் பெயரே 'மதராஸ் பனியுருண்டை'. இப்படி அடுக்கடுக்காக இறங்கும் பயிற்சியில் எண்ணிக்கை பெருகும், சரக்கு குறையும் என்பதைக் கல்வியாளர்கள் அதற்குப் பிறகு பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். 2020 அக்டோபர் முதல் 'நிஷ்டா' ஆசிரியர் பயிற்சி 'தீக்ஷா' தளத்தின் வழியே இணையத்தில் நடந்தது. இடையில் அடுக்குகள் இல்லை. தில்லியில் தயாரித்தது நேரே ஆசிரியரின் போனுக்கு வந்தது. இது முன்னேற்றமே. ஆனால், காணொளியைப் பார்த்து, வினாக்களுக்கு விடை தெரிவு செய்தால் சான்றிதழ் கிடைக்கும் முறையில் ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசிக்காட்ட வேண்டிய அவசியம் எங்கும் எழுவதில்லை.

இதில் மனிதர்களின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெறாமல் பணியில் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்றது. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் பெரிய எதிர்ப்பின்றி நிறைவேறிய திருத்தம் அது. பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் 18 மாதப் பட்டயப் படிப்பில் தொலைநிலையில் சேர்ந்தார்கள். அந்தப் பட்டயம் ஈராண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்ட் 10-இல் பணியில் இருந்து, உரிய காலத்துக்குள் முடித்தவர்களுக்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் விளக்கம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆசிரியர்கள் பட்ட அலைக்கழிப்புக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அரசே நடத்தும் தொலைநிலைப் படிப்பை அரசே முழுமையாக நம்பாத நிலையில், அதில் படித்தவரின் ஆங்கிலத்தை ஊரார் நம்ப வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பட்டப் படிப்பிலும் கதை இதுதான். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடநூல்கள் தரமானவை. பல நேரடிக் கல்லூரிகளின் ஆசிரியர்களே அவற்றைத் தேடி வாங்கிப் படிப்பதுண்டு. பொதுவாக மதிப்பெண்ணில் ஒப்படைப்புகளுக்கு 30 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம். கோட்பாட்டுப் பாடங்கள் பலவற்றில் நேர்முக வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை. விடையெழுதி முடித்த ஒப்படைப்புகள் கடைகளில் விலைக்குக் கிடைப்பதை அறியாதவர் இல்லை. ஆக, ஒருவரிடம்கூட ஆங்கிலத்தில் பேசாமல் ஒருவர் ஆங்கிலப் பட்டதாரி ஆகிவிட முடியும். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியிலேயே அவர் திணறும்போது, அது அவருடைய குற்றமாகப் பார்க்கப்படுகிறது. குறைந்தபட்சம் ஆங்கிலப் பாடங்களுக்கு மட்டுமாவது நேர்முக வகுப்பைக் கட்டாயமாக்கி, பேச்சுத் தேர்வுக்கு மதிப்பெண் ஒதுக்குவதில் என்ன தடை? செலவு என்பார்கள். மாவட்டந்தோறும் கல்லூரிகளில் படிப்பு மையங்கள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் அவை திறக்கின்றன. தேவைப்படுவது, சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைக்கும் ஆசிரியர்களுக்கான மதிப்பூதியம்.

ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகத் தொடர வேண்டும் என்று போராடிய மண்ணிலிருந்து இந்தக் கேள்வி உரத்து எழ வேண்டும். 1963-இன் ஆட்சிமொழிச் சட்டமும் 1967-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் ஆங்கிலத்தின் இடத்தை உறுதி செய்தன. உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்படும் மசோதாக்களின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலமே. இணைப்பு மொழியாக அதைப் பாதுகாத்தோம். அந்த இணைப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதில் அவ்வளவு அக்கறை காட்டினோமா என்பது சந்தேகமே. இந்தியர்களில் ஒரு சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக்கூடப் பயன்படுத்துவதில்லை என்று சாம் பிட்ரோடா தலைமையிலான தேசிய அறிவுசார் ஆணையம் மதிப்பிட்டு, முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கப் பரிந்துரைத்தது. அந்த மதிப்பீடு மிகக் குறைவு என்று வாதிடலாம். நகரத்துத் தனியார் பள்ளிக் குழந்தைக்கும் ஓராசிரியர் பள்ளிக் குழந்தைக்கும் இடையே உள்ள தூரத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆங்கிலம் நமக்குப் போதும் என்று ஹிந்தித் திணிப்பை எதிர்த்துச் சொல்லும் உரிமை, அந்தக் கடைசிக் குழந்தைக்கும் ஆங்கிலம் உண்மையில் போய்ச் சேர்ந்தால்தான் வலுப்பெறும்.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. கல்விக்கான செயற்கை நுண்ணறிவு மையத்துக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு அகண்ட அலைவரிசை இணைப்பு தரப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. இதை எடுத்த எடுப்பில் எள்ளி நகையாடத் தேவையில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் செய்ய முடியாத ஒன்றை இந்தக் கருவி செய்கிறது: மாணவன் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்கிறது. தவறாகப் பேசினாலும் சிரிக்காது என்பது, பதின்வயதுக் கூச்சம் உள்ள பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். ஆனால், குழந்தைகளின் மழலையையும் பல்வேறு வட்டார உச்சரிப்புகளையும் புரிந்துகொள்வதில் இத்தகைய கருவிகள் இடறுவது வழக்கம். சரியாகச் சொன்ன குழந்தையைத் தவறு என்று இயந்திரம் திரும்பத் திரும்பச் சொன்னால், அக்குழந்தை மீண்டும் வாய் திறக்காது. சாந்தாலும் கோண்டியும் பேசும் குழந்தைகளின் குரலைக் கொண்டு அதைச் சோதித்த பிறகே பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சோதனையின் முடிவை அவையில் வைக்க வேண்டும்.

கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் விவாதமே இல்லாமல், மற்ற கோரிக்கைகளோடு சேர்த்து ஒரே மூச்சில் நிறைவேற்றப்படுகிறது. அடுத்த நிதிநிலைக் கூட்டத்தொடரில் தமிழக உறுப்பினர் ஒருவராவது நட்சத்திரக் குறியிட்ட வினா ஒன்றை எழுப்பட்டும். தொலைநிலை ஆங்கிலப் பாடங்களுக்கான செலவில் எத்தனை விழுக்காடு பெறும் முனையில், அதாவது உடனிருந்து மாணவர்களைப் பேச வைப்பவருக்காகச் செலவிடப்படுகிறது? ஓராசிரியர் பள்ளிகளில் எத்தனையில் அப்படி ஒருவர் உண்டு? வினாவுக்கு நட்சத்திரக் குறி இருந்தால் துணைக் கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகவே பதில் சொல்லியாக வேண்டும்.